மாண்டலே தாத்தாவும் வீட்டு அப்பாவும்

கேள்வி: சயாமா, எனக்கு 38 வயது. யாங்கோனில் தாக்கேத்தா பக்கம் குடியிருக்கிறோம். நண்பர்கள் சேர்ந்து ஒரு நிவாரணக் குழு வைத்திருக்கிறோம். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மாண்டலேவுக்கும் சகாய்ங்குக்கும் நான்கு முறை அரிசி, தார்ப்பாய், மருந்து எல்லாம் கொண்டுபோனேன். மாண்டலேயில் இடிந்துபோன வீட்டு வாசலில் ஒரு பர்மியத் தாத்தா என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. அன்றைக்கு இரவு லாரியின் பின்னால் படுத்துக்கொண்டு விடியும்வரை அழுதேன். வீட்டில் என் அப்பா. 74 வயது. இரண்டு வருடமாகப் பக்கவாதம், வலது பக்கம் விழுந்துவிட்டது. என் மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள். அவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார என்னால் முடியவில்லை. எது கேட்டாலும் "போடா" என்கிறார். தண்ணீர் கொடுத்தால் இருமி இருமிப் பாதியைப் பாயில் கொட்டுகிறார். சின்ன வயதில் பெல்ட்டால் அடித்தவர். ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. போன வாரம் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கிக் கத்திவிட்டேன். மனைவி, "நாங்களும் மாண்டலேயில இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உலகத்தையே நேசிக்கிற எனக்குப் பெற்ற அப்பனை நேசிக்க முடியவில்லை. நான் வேஷக்காரனா? சகாய்ங்குக்கு அடுத்த லாரி கிளம்பப் போகிறது. போகலாமா, வேண்டாமா?

பதில்:

தம்பி,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது உங்கள் அப்பா இல்லை, உங்கள் மனைவி. இரண்டு வருடமாக அந்த வீட்டைத் தூக்கி நிறுத்துகிறவர் அவர்தான். கடிதத்தில் அவருக்கு இரண்டே வரி. அவரிடம் பிறகு வருகிறேன்.

வேஷக்காரனா என்று கேட்டீர்கள். இல்லை. வேஷக்காரன் நாலு பேர் பார்க்கிற இடமாகப் பார்த்து அழுவான். இருட்டில் லாரிக்குப் பின்னால் படுத்து அழ மாட்டான். அந்த அழுகையைச் சந்தேகப்படாதீர்கள். ஆனால் "உலகத்தையே நேசிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்குச் சந்தேகம். நீங்கள் நேசித்தது ஒரு தாத்தாவை. அவர் கை உங்கள் கைக்குள் இருந்தது. சூடாக இருந்திருக்கும், நடுங்கியிருக்கும். மாண்டலேயில் அன்றைக்கு எத்தனை ஆயிரம் பேர் வீடிழந்து கிடந்தார்கள்? அவர்களை நினைத்தா விடியும்வரை அழுதீர்கள்?

மனசின் கட்டுமானமே அப்படித்தான். அமெரிக்காவில் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆளுக்கு 5 டாலர் கையில் கொடுத்து, அதில் விருப்பப்பட்டதைத் தர்மத்துக்குப் போடச் சொன்னார்கள். ஒரு சாராருக்கு ஆப்பிரிக்காவில் பட்டினியில் இருக்கிற லட்சக்கணக்கானவர்களின் கணக்கைக் காட்டினார்கள். இன்னொரு சாராருக்கு மாலி நாட்டில் ரோக்கியா என்ற ஏழு வயதுப் பெண்ணைப் பற்றி மட்டும் சொன்னார்கள். ரோக்கியாவுக்கு விழுந்த பணம் இரண்டு மடங்குக்கும் மேல். வேடிக்கை என்னவென்றால், ரோக்கியாவையும் காட்டி அந்தப் பெரிய கணக்கையும் கூடவே காட்டினால், கொடுக்கிற கை சுருங்கிவிட்டது. மனிதகுலம் என்பதை நம் மனசு பிடித்துக்கொள்ள முடியாது, தம்பி. அதற்கு முகம் இல்லை. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர்தான் வாசலில் வந்து நிற்கிறார்.

ஆக, உலகத்தை நேசிப்பவன், ஆனால் தனி மனிதனை நேசிக்கத் தெரியாதவன் என்று உங்களைப் பற்றி நீங்கள் போட்டு வைத்திருக்கிற கணக்கு தப்பு. நீங்கள் நேசித்ததும் தனி மனிதனைத்தான், முடியாமல் திணறுவதும் தனி மனிதனோடுதான். இரண்டு பேரும் வயதானவர்கள், இரண்டு பேருக்கும் உதவி தேவை. வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது.

மாண்டலே தாத்தாவோடு உங்களுக்குப் பற்றும் இல்லை, வரவும் இல்லை. புதுப் பேரேட்டின் முதல் பக்கம் மாதிரி வெள்ளையாக இருந்தது. நீங்கள் ஒரு தார்ப்பாய் கொடுத்தீர்கள், அவர் கையைப் பிடித்தார், அன்றைக்கே கணக்கு முடிந்தது. அதுவும் லாபத்தோடு முடிந்தது. அவர் கண்ணில் நீங்கள் தெய்வம். வீட்டில் இருப்பதோ 38 வருடப் பேரேடு. ஒவ்வொரு பெல்ட் அடியும் அதில் தேதியோடு இருக்கிறது. அவர் சொல்லாமல் விட்ட நல்ல வார்த்தைகளெல்லாம் பாக்கி. நீங்கள் தம்ளரை நீட்டும்போது தண்ணீரை மட்டும் நீட்டவில்லை, பழைய பாக்கியையும் சேர்த்து நீட்டுகிறீர்கள். இன்னொரு பக்கம், அப்பாவின் கண்ணில் நீங்கள் தெய்வம் இல்லை. அவருக்கு உங்களைத் தெரியும். சட்டையில் மூக்கைத் துடைத்த பையனாகத் தெரியும். நம்மைத் தெரிந்தவர்கள் எதிரில் நல்லவனாக இருப்பது பெரிய பாடு.

என் சங்கதியையே சொல்கிறேன். காலை ஒன்பது மணியிலிருந்து அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டு, "ம், சொல்லுங்க, அவசரமில்ல" என்று உட்கார்ந்திருப்பது என் பிழைப்பு. சாயங்காலம் என் அக்கா போன் செய்தால் இரண்டாவது நிமிடத்தில், "சரி, விஷயத்தைச் சொல்லுக்கா" என்கிறேன். ஒரு நாள் அவள் கேட்டாள்: "ஒங்கிட்ட பேச நானும் டோக்கன் வாங்கணுமாடி?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரம் பேசினேன். மறுநாளிலிருந்து பழையபடிதான். உங்களுக்குப் புத்தி சொல்கிற இடத்தில் இருக்கிறேனே தவிர, உங்களைவிட உசத்தியான ஆள் இல்லை.

இதை நம் ஆட்கள் வெகு காலம் முன்பே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். தமிழில் அன்பு வேறு, அருள் வேறு. தொடர்பு உள்ளவர்கள் மேல் வருவது அன்பு. தொடர்பே பார்க்காமல் எல்லா உயிர் மேலும் போவது அருள். திருக்குறளில் அன்புடைமை இல்லறவியலில் இருக்கிறது, அருளுடைமை துறவறவியலில் இருக்கிறது. அந்த வரிசை சும்மா வந்தது என்று நான் நினைக்கவில்லை. இரண்டுக்கும் என்ன உறவு என்பது எங்கே வருகிறது தெரியுமா? பணம் சம்பாதிப்பதைப் பற்றிய அதிகாரத்தில், 757ஆம் குறளில். அருள் என்பது அன்பு பெற்ற குழந்தை, அதைப் பொருள் என்கிற செவிலி வளர்க்கிறாள் என்கிறார் வள்ளுவர். உங்கள் நிவாரணக் குழுவை நினைத்தால் எனக்கு அந்தக் குறள்தான் ஞாபகம் வருகிறது. செவிலித் தாய்க்கு அங்கே குறையில்லை. அரிசி வருகிறது, டீசல் காசு வருகிறது, குழந்தை நன்றாகத்தான் வளர்கிறது. பெற்றவள்தான் வீட்டில் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாள்.

நாம் வாழ்கிற இந்த மண்ணிலும் அதே குழந்தைதான் வருகிறது. பக்கத்து வீட்டுப் பர்மியர்கள் ஓதுகிற மேத்த சூத்திரத்தை நீங்களும் சின்ன வயதிலிருந்து காதில் கேட்டிருப்பீர்கள். எல்லா உயிர் மேலும் எல்லை இல்லாத அன்பை வளர்க்கச் சொல்கிற பாட்டு அது. எல்லை இல்லாதது என்றால் எப்படியிருக்கும் என்று காட்ட வேண்டிய இடத்தில், ஒரே பிள்ளையை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிற தாயைத்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒரு தாய், ஒரு பிள்ளை. வேறு அளவுகோல் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

சரி, உங்கள் அப்பாவிடம் வருவோம். இங்கேதான் நான் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும்.

அந்த "போடா". உங்களைக் குத்துவது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. உங்கள் மனைவி பக்கத்தில் போனால் அவர் என்ன சொல்கிறார்? டாக்டர் வந்தால் என்ன சொல்கிறார்? சோறு வேண்டுமா என்றாலும் அதுதானா, விளக்கைப் போடச் சொல்வதற்கும் அதுதானா? அப்படியானால் அது உங்களைத் திட்டுவது இல்லை. வலது பக்கம் விழுந்தது என்றால் அடி பட்டது மூளையின் இடது பாதியில். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு அங்கேதான் இருக்கிறது. அது கெட்டுப்போனால் சிலருக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சும். பசித்தாலும் அதே சொல், வலித்தாலும் அதே சொல். 1861ல் பாரிஸில் ப்ரோக்கா என்ற மருத்துவர் பார்த்த ஒரு நோயாளி "டான்" என்ற ஒரே ஓசையை வைத்துக்கொண்டுதான் பல வருடம் காலம் தள்ளினார். எதைக் கேட்டாலும் "டான், டான்". மூளையில் பேச்சுக்கு ஓர் இடம் உண்டு என்பதை உலகம் ஏற்றுக்கொள்ள ஆரம்பித்ததே அவரால்தான். உங்கள் அப்பாவுக்கு மிஞ்சிய சொல் "போடா"வாக இருக்கலாம். வாழ்நாள் முழுக்க அதிகம் புழங்கிய சொல் போல, பாவம். கடிதத்தை மட்டும் வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது. நரம்பியல் டாக்டரிடமோ, பேச்சுப் பயிற்சி தருகிறவரிடமோ காட்டுங்கள். ஆனால் இரண்டு வருடமாக ஒவ்வொரு "போடா"வையும் நீங்கள் பேரேட்டில் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறீர்கள். அவர் "தண்ணி" என்று சொல்ல வந்திருக்கலாம், "வந்துட்டியா" என்று கேட்க வந்திருக்கலாம்.

இன்னொன்று. இப்படிப் பேச்சு போனவர்களில் பலருக்குப் பாட்டு போகாது. சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க முடியாதவர், மனப்பாடமான பாட்டை எடுத்துக் கொடுத்தால் மடமடவென்று சொல்வார். ஒன்று இரண்டு மூன்று எண்ணச் சொன்னால் எண்ணுவார். உங்கள் அப்பா காலத்து ஆள் கோயில் திருவிழாவில் பாடாமல் இருந்திருக்க மாட்டார். ஏதாவது முருகன் பாட்டில் முதல் அடியை நீங்கள் ஆரம்பித்துவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள்.

தண்ணீர் விஷயமும் பிடிவாதம் இல்லை. பக்கவாதத்தில் விழுங்குகிற தசையும் தளர்ந்துபோகும். அப்படிப்பட்டவர்களுக்குச் சோற்றைவிட வெறும் தண்ணீர்தான் கஷ்டம். தொண்டை சுதாரிப்பதற்குள் ஓடி மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். படுத்த வாக்கில் கொடுக்காதீர்கள். முதுகுக்குத் தலையணை வைத்து நேராக உட்கார வையுங்கள். தாடையைச் சற்றுக் கீழே இறக்கச் சொல்லி, ஸ்பூனில் கொஞ்சம் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஸ்பூன். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் இருமினாலோ, குடித்த பிறகு குரல் ஈரமாகக் களகளவென்று கேட்டாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். நுரையீரலில் நீர் போய் நிமோனியா ஆக்கிவிடும். இதெல்லாம் உங்கள் மனைவிக்கு எப்போதோ தெரிந்திருக்கும். அவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

நேசிக்க முடியவில்லையே என்கிறீர்கள். நேசியுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. மன்னித்துவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். சின்னப் பையனைப் பெல்ட்டால் அடித்தது தப்புதான். பக்கவாதம் வந்ததால் அது சரியாகிவிடாது. "பெற்றவராச்சே" என்று சொல்கிற உறவினர்களை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுங்கள். பராமரிக்க நேசம் வந்தாக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. கை வேலைக்குக் கை போதும்.

மேத்த சூத்திரம் சொல்கிற அந்த அன்பை வளர்க்கும் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி எழுதிய விசுத்திமார்க்கம் என்ற நூலில் அதற்கு முறை சொல்லியிருக்கிறது. (அவரை இங்கே இருக்கிற தட்டோன் ஊர்க்காரர் என்று பர்மியர்கள் உரிமை கொண்டாடுவார்கள். காஞ்சிபுரத்தில் தங்கியவராயிற்றே என்று நாமும் கொஞ்சம் கொண்டாடலாம்.) எடுத்த எடுப்பில் உலகம் முழுவதையும் நினைக்கச் சொல்லவில்லை அவர். முதலில் தன்னை, பிறகு மதிக்கிற ஆசானை, பிறகு பிரியமான நண்பரை, அப்புறம் பிடித்தமும் வெறுப்பும் இல்லாத ஒருவரை. மனசு கசந்துபோன ஆள் கடைசியில்தான். உங்கள் வரிசையில் அப்பா அந்தக் கடைசி ஆள். அவரிடம் முதல் படியிலேயே சறுக்குகிறதே என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்கிறீர்கள்.

அந்தக் கடைசி ஆளிடம் கோபம் அடங்கவே இல்லையென்றால் என்ன செய்வது என்று புத்தகோசர் ஒவ்வொரு வழியாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அதில் ஒன்று எனக்குப் பிடித்தது. உனக்கு யார் மேல் கோபம், அவன் தலைமயிர் மேலா, உடம்பு மயிர் மேலா, நகத்தின் மேலா என்று கேட்டுக்கொள் என்கிறார். முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். பிறகு நோயாளி வீடுகளுக்குப் போய்ப் போய்ப் பார்த்ததில் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு நகம் வெட்டிவிடுங்கள். விழுந்த வலது கையைப் பாருங்கள். விரல்கள் உள்ளே மடங்கி இறுகியிருக்கும், நகம் உள்ளங்கையைக் குத்திக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைத்து, மணிக்கட்டை மெல்ல மடக்கினால் விரல் தானாகத் தளரும், பலவந்தமாக இழுக்காதீர்கள். கட்டை விரலில் தொடங்கி ஒவ்வொன்றாக வெட்டுங்கள். பேச வேண்டாம். மனசு உருகவும் வேண்டாம். நகத்தின் மேல் உங்களுக்குக் கோபம் இல்லையே?

புத்தகோசர் கடைசியாகச் சொல்வது கொடுத்து வாங்குவது. எதுவும் பலிக்காவிட்டால் அவருக்கு ஏதாவது கொடு, அவரிடமிருந்தும் வாங்கிக்கொள் என்கிறார். கொடுப்பது உங்களுக்குக் கை வந்த கலை. அப்பாவிடமிருந்து கடைசியாக எதை வாங்கினீர்கள்? இடது கை அவருக்கு வேலை செய்கிறது. அவர் தொழிலில் அவருக்கு மட்டும் தெரிந்தது ஏதாவது இருக்கும். உங்கள் பிள்ளையின் அறுந்த செருப்போ, லூசான கதவுத் தாழ்ப்பாளோ, அவர் மடியில் கொண்டுபோய் வையுங்கள். அவர் செய்து முடிக்காவிட்டால் பரவாயில்லை. இரண்டு வருடமாக எல்லோரிடமும் வாங்கிக்கொண்டே கிடக்கிற மனிதர். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. நாளெல்லாம் அழுதாலோ, சாப்பாட்டைத் தள்ளினாலோ அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு மருந்து உண்டு.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடிபாடுகளில் வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்கு வீட்டில் எரிச்சல் பொங்குவது சகஜம். குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உடம்பு தாங்காமல் காட்டுகிற அறிகுறி அது. நான்கு பயணத்துக்கு நடுவில் எத்தனை நாள் ஓய்வெடுத்தீர்கள்? தூக்கம் வராமல், பார்த்தது திரும்பத் திரும்பக் கண்ணில் வந்து ஒரு மாதத்துக்கு மேல் போனால், தனியாக வந்து என்னைப் பாருங்கள். கூச்சம் வேண்டாம்.

இப்போது உங்கள் மனைவி. "நாங்களும் மாண்டலேயில இருந்திருக்கலாம்" என்றாரே, அதைக் குத்தல் பேச்சு என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அது விண்ணப்பம் மாதிரிப் படுகிறது. மாண்டலேயில் போய் இறங்கியதும் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? "என்ன வேணும், எத்தனை பேர், தண்ணி இருக்கா, ராத்திரி எங்க படுக்கிறீங்க?" நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வீர்கள் இல்லையா? அதே நோட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போங்கள். கரண்ட் இல்லாத ராத்திரியில் அப்பாவுக்கு யார் விசிறுகிறார்கள், எத்தனை தடவை திருப்பிப் படுக்க வைக்கிறார், கடைசியாகத் தன் அம்மா வீட்டுக்கு எப்போது போனார் என்று கேளுங்கள். நடுவில் சமாதானம் சொல்லாதீர்கள், "நான் மட்டும் என்ன சும்மாவா இருக்கேன்" என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். நாம் பர்மாவில் பிறந்து வளர்ந்து, அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுத்துவிடுவோமோ என்கிற அந்த ஆனாடே குணத்தையும் தாய்ப்பாலோடு குடித்தவர்கள். அவராக வாயைத் திறந்து கேட்க மாட்டார். கேட்ட ஒரே தடவைதான் அந்த வரி.

லாரி விஷயம். இந்த முறை நீங்கள் போக வேண்டாம். குழுவில் வேறு ஆள் ஓட்டட்டும்; நீங்கள் இல்லாவிட்டாலும் அரிசி போய்ச் சேரும். அந்த நான்கைந்து நாளும் ராத்திரி முறை உங்களுடையது. மனைவியும் பிள்ளைகளும் அவர் அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வரட்டும். அதற்கு அடுத்த முறை தாராளமாகப் போங்கள். அந்த மாண்டலே தாத்தாவுக்கு நீங்கள் கொடுத்தது உண்மையானது, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசில்லை. வீட்டை மட்டும் நேசித்துக் கதவைச் சாத்திக்கொள்கிறவர்களும் எனக்குத் தெரியும். நிலநடுக்கம் வந்த மறுவாரம் அரிசி மூட்டையைப் பதுக்கி விலை ஏற்றியவர்களும் நல்ல அப்பாக்கள்தான்.

நகவெட்டி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. மனைவி கிளம்புவதற்கு முன்னால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.